திரைப் பூதத்தை மேடையில் பாடவைப்பது எப்படி

பழைய பூதப் படங்களில் பூதம் வரும் நேரம் குறைவு. 1933-இல் வந்த ‘கிங் காங்’ சுமார் 100 நிமிடம் ஓடும். குரங்கு முதலில் தலைகாட்டும்போது ஏறத்தாழப் பாதிப் படம் முடிந்திருக்கும். அதுவரை முரசுச் சத்தம், ஒரு பெரிய மதில், பயந்த முகங்கள். குரங்கு வந்த பிறகும், நடித்தவை முழங்கால் உயரப் பொம்மைகளும் பக்கத்தில் காட்டுவதற்கென்று கட்டிய ஒரு பெரிய தலையும் கையும்தான். ஷாட்டுக்கு ஷாட் தாவி, இவை அனைத்தும் ஒரே மிருகம் என்று நம்மை நம்பவைத்தது எடிட்டிங்.

மேடையில் அந்த வசதி கிடையாது. குளோசப் இல்லை, வெட்டு இல்லை. அரங்கில் 900 பேர் இருந்தால் பூதத்தை 900 கோணத்திலிருந்து பார்ப்பார்கள். ஓரத்து இருக்கைக்காரருக்கு அதன் முதுகுத் தையலும் தெரியும். போதாக்குறைக்கு, இசை நாடகத்தில் ஒருவர் பாட ஆரம்பித்தால் மூன்று நிமிடம் நின்று பாடுவார். துரத்தும் பூதம் அந்த மூன்று நிமிடமும் என்ன செய்யும்? பூதப் படத்தை இசை நாடகமாக்கும் தழுவலின் எல்லாச் சிக்கலும் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது.

பூதம் என்று இங்கே சொல்வது ராட்சதக் குரங்கு, தைத்து உயிரூட்டிய பிணம், ரத்தம் குடிக்கும் பிரபு, ஆளை விழுங்கும் செடி எல்லாவற்றையும் சேர்த்துத்தான்.

உரிமை: ஒன்றல்ல, நாலைந்து

முதல் வரி எழுதுமுன் உரிமையைப் பாருங்கள். பூதப் படங்களில் இது கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாகிவிடும். ஒரே பூதத்துக்கு நாவல், படம், ஒப்பனை, இசை, பெயர் என்று தனித்தனிச் சொந்தக்காரர்கள் இருப்பார்கள்.

‘ஃபிராங்கன்ஸ்டைன்’ நாவல் 1818-இல் வந்தது. அதை யாரும் தழுவலாம். ஆனால் தட்டைத் தலையும் கழுத்து ஆணியும் நாவலில் இல்லை. அவை 1931 படத்தில் ஒப்பனைக் கலைஞர் ஜாக் பியர்ஸ் உருவாக்கியவை. ஆணியை வைத்த கணத்தில் நாவலை விட்டுப் படத்தைத் தழுவ ஆரம்பித்துவிட்டீர்கள். அமெரிக்கச் சட்டப்படி அந்தக் காலப் படங்களுக்குக் காப்புரிமை 95 ஆண்டு. ஆண்டு முடிவில் காலாவதியாகும். அதனால் 1931 படம் 2027 ஜனவரி 1-இலும், 1933 படம் 2029 ஜனவரி 1-இலும் அங்கே பொதுச்சொத்தாகும். மற்ற நாடுகளின் கணக்கு வேறு. எந்த நாட்டில் மேடையேற்றுகிறீர்களோ அந்த நாட்டுச் சட்டம்தான் செல்லும். காப்புரிமை முடிந்தாலும் பெயருக்கும் உருவத்துக்கும் வணிகமுத்திரை உரிமை உயிரோடு இருக்கலாம்.

1968-இல் வந்த ‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’ இதற்கு நேர்மாறு. வெளியிட்டபோது பிரதியில் காப்புரிமை அறிவிப்பு விடுபட்டதால், அன்றைய அமெரிக்கச் சட்டப்படி அது பொதுச்சொத்தாகிவிட்டது. எதையும் கேட்காமல் எடுத்தவர்களின் கதையும் உண்டு: 1922-இன் ‘நோஸ்ஃபெராட்டு’ டிராகுலா நாவலைப் பெயர் மாற்றித் தழுவியது. நாவலாசிரியரின் மனைவி வழக்குப் போட்டார். பிரதிகளை அழிக்கும்படி 1925-இல் ஜெர்மன் நீதிமன்றம் உத்தரவிட்டது. பெயரை மாற்றினால் போதும் என்று இன்றும் சிலர் நினைக்கிறார்கள்.

ஒப்பந்தத்தில் இவை எழுத்தில் இருக்க வேண்டும்: மேடை இசை நாடக உரிமை என்ற சொல் (வெறும் ‘நாடக உரிமை’ போதாது), கதையை மாற்றும் அனுமதியின் எல்லை, முடிவை மாற்றலாமா என்பது, பாட்டுகளைத் தனி ஆல்பமாக வெளியிடும் உரிமை, நிகழ்ச்சியைப் படம்பிடிக்கும் உரிமை, படத்தின் வசனத்தை அப்படியே பயன்படுத்தலாமா என்பது. படத்தின் பின்னணி இசைக்கும், படத்துக்குள் ஒலிக்கும் பழைய பாட்டுக்கும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். தயாரிப்பாளரிடம் உரிமை வாங்கிவிட்டோம் என்ற நிம்மதியில் இதை மறந்துவிட்டு, ஒத்திகைக்கு நடுவில் அந்தப் பாட்டைத் தூக்கி எறிந்தவர்கள் உண்டு.

நாற்காலிச் சோதனை

தயாரிப்புகள் தவறும் இடம் பெரும்பாலும் ஒன்றே: பூதத்தை முதலில் கட்டிவிட்டுக் கதையை அதற்குத் தக்கபடி வளைப்பது. ‘கிங் காங்’ இசை நாடகம் 2013-இல் மெல்பர்னில் அரங்கேறியது. 2018-இல் நியூயார்க்குக்கு வரும்போது கதையும் பாட்டுகளும் பெருமளவு மாற்றி எழுதப்பட்டிருந்தன. குரங்கு 6 மீட்டர் உயரம், ஏறத்தாழ 900 கிலோ. 2019-இல் அதைச் செய்தவர்களுக்கு, நியூயார்க் பிராட்வே நாடகங்களுக்கான டோனி விருதில் ஒரு சிறப்பு விருதே கிடைத்தது. நாடகம் 2018 நவம்பரில் தொடங்கி 2019 ஆகஸ்டில் முடிந்துவிட்டது. குரங்கைப் பாராட்டிய விமர்சகர்கள் பலர் கதையையும் பாட்டையும் பாராட்டவில்லை.

ஆகவே வரிசை இதுதான். முதலில் படத்தை ஸ்டாப்வாட்ச்சோடு பாருங்கள். ஒரு தாளில் மூன்று பத்தி போடுங்கள்: காட்சி எத்தனை நிமிடம், அதில் யாருக்கு என்ன வேண்டும், பூதம் அங்கே உடலோடு இருக்கிறதா அல்லது பேச்சில் மட்டுமா. பழைய பூதப் படத்தில் இடம் மாறும் காட்சிகள் அறுபது எழுபதுகூடத் தேறும். இரண்டு அங்க இசை நாடகம் 15 முதல் 20 காட்சி வரைதான் தாங்கும். ஓட்டம், துரத்தல், கார், படகு, காட்டுக்குள் தேடுதல் இவை எல்லாம் முதல் வெட்டிலேயே போகும். மனிதர்கள் ஒருவரிடம் ஒருவர் எதையாவது கேட்கும் காட்சிகள்தான் மிஞ்சும். இப்படி வெட்டிய பின் ஏழெட்டுக் காட்சிதான் கையில் இருக்கிறது என்றால் பயப்பட வேண்டாம். பாட்டுகள் வந்து உட்கார இடம் வேண்டுமே.

முதல் அங்கம் 70 முதல் 80 நிமிடம், இரண்டாவது 50 முதல் 60. பூதம் முழு உருவத்தில் வருவதை முதல் அங்கத்தின் கடைசிக் கால்பகுதிக்குத் தள்ளுங்கள். அதற்கு முன்னால் காட்டினால் இடைவேளைக்குள் பழகிவிடும். இடைவேளைக்குப் பிறகுதான் காட்டுவேன் என்று பிடிவாதம் பிடித்தால், டிக்கெட் வாங்கியவர்கள் இடைவேளையில் முணுமுணுக்க ஆரம்பிப்பார்கள். இது செலவுக்கும் நல்லது: பூதம் மேடையில் மொத்தம் 25 நிமிடத்துக்கு மேல் தேவைப்படாத கதையைக் கட்டினால், இயக்குபவர்களும் தாங்குவார்கள், இயந்திரமும் தாங்கும்.

பிரதி தயாரானதும் வாசிப்புக்கு ஆட்களை உட்காரவையுங்கள். பூதத்துக்குப் பதில் நடுவில் ஒரு காலி நாற்காலி. நடிகர்கள் அந்த நாற்காலியைப் பார்த்துப் பேச வேண்டும், பாட வேண்டும், பயப்பட வேண்டும். கேட்கப் பத்துப் பேர் போதும். கதை தெரியாதவர்களாக இருக்கட்டும். நாற்காலியை வைத்தே அவர்களுக்குத் தொண்டை அடைத்தால் அந்தக் காட்சி நிற்கும். ‘பொம்மை வந்ததும் சரியாகிவிடும்’ என்று யாராவது சொன்னால் அந்தக் காட்சியைத் திருப்பி எழுதுங்கள். பொம்மை வந்ததும் அது சரியாகாது. பொம்மையைப் பார்த்து வியந்துவிட்டு, ஐந்தாவது நிமிடத்தில் மக்கள் மறுபடி கதையைத் தேடுவார்கள்.

பூதம் பாடுமா?

இதற்கு மூன்று விடைகள் உண்டு. நடுவில் மாற்ற முடியாது. முதல் பாட்டுக்கு மெட்டுப் போடுமுன் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

பூதம் பாடாது, பேசாது என்பது முதல் விடை. நியூயார்க்கில் காங் உறுமியது, பாடவில்லை. இந்த வழியில் பூதத்தின் பாட்டை வாத்தியங்கள் ஏற்க வேண்டும். நான்கு அல்லது ஐந்து ஸ்வரத்தில் ஒரு சிறு வடிவத்தை உருவாக்கி, பூதம் வருமுன்பே இரண்டு மூன்று முறை வேறு சூழலில் காதில் போட்டுவிடுங்கள். முதலில் டூபா, டபுள் பாஸ் போன்ற கீழ்ஸ்தாயி வாத்தியங்களில். பிறகு பூதம் மென்மையாகும் இடத்தில் அதே ஸ்வரங்கள் ஒற்றைச் செல்லோவில். கடைசியில் கதாநாயகி அதே வடிவத்தைச் சொல்லோடு பாடினால், பூதம் வாயே திறக்காமல் பாடிவிட்டது. இதில் வரும் ஆபத்து: எல்லாப் பாட்டும் பூதத்தைப் பற்றிய பாட்டாகிவிடுவது. ‘அது எவ்வளவு பெரியது’ என்று மூன்று பேர் மூன்று மெட்டில் பாடினால் கதை நகராது. பூதத்தைப் பார்த்தபின் பாடுபவர் எந்த முடிவுக்கு வந்தார் என்பதைப் பாட்டு சொல்ல வேண்டும்.

இரண்டாவது விடை: உடல் ஒருவர், குரல் வேறொருவர். 1960-இல் வந்த மலிவுப் படமான ‘தி லிட்டில் ஷாப் ஆஃப் ஹாரர்ஸ்’, 1982-இல் இசை நாடகமானபோது ஆளை விழுங்கும் செடிக்கு இப்படித்தான் குரல் கிடைத்தது. உள்ளே ஒருவர் பொம்மையை இயக்க, மேடைக்குப் பின்னாலிருந்து இன்னொருவர் பாடுவார். இந்த இருவரும் முதல் நாளிலிருந்தே சேர்ந்து ஒத்திகை பார்க்க வேண்டும். பொம்மை தயாராகும்வரை கையுறை ஒன்றை வாயாக வைத்துப் பழகலாம். வாய் ஒவ்வோர் எழுத்துக்கும் திறக்கக் கூடாது. நெடிலுக்கும் அழுத்தம் விழும் அசைக்கும் திறந்தால் போதும். மெய்யெழுத்துக்குத் திறந்தால் கோழி கொத்துவதுபோல இருக்கும். பாடுபவர் மூச்சு எடுக்கும் இடத்தில் பொம்மையின் உடலும் லேசாக மேலெழும்பட்டும். வாய் அசைவைவிட இந்த மூச்சுதான் இரண்டையும் ஒன்றாக்கும். பாடுபவருக்கு மேடையைக் காட்டும் மானிட்டர், உள்ளே இருப்பவருக்குப் பாட்டு கேட்கும் இயர்பீஸ் இரண்டும் கட்டாயம். டிஜிட்டல் கேமராவும் மானிட்டரும் சேர்ந்து படத்தைத் தாமதப்படுத்தும். அதனால் பாடுபவர் பொம்மையைப் பின்தொடரக் கூடாது, பாட்டைத்தான் பொம்மை பின்தொடர வேண்டும்.

மூன்றாவது: பூதமே மேடையில் நின்று பாடும். மனித உருவப் பூதங்களுக்கு இதுதான் இயல்பு. ஆனால் எந்த மூலத்தை எடுத்தீர்கள் என்பதைப் பொறுத்து இது மாறும். 1931 படத்தில் தைத்த மனிதனுக்கு வசனமே இல்லை. 1935-இன் தொடர்ச்சியில் சில சொற்கள் பேசக் கற்றுக்கொள்கிறான். நாவலில் பக்கம் பக்கமாக வாதாடுகிறான். நாவலின் பூதத்தை எடுத்தால் பாட்டுக்குப் பஞ்சமில்லை. படத்தின் பூதத்தை எடுத்தால், சொல் தெரியாதவன் எப்படி எதுகை மோனையோடு பாடுவான் என்ற கேள்வி வரும். சொல் கற்கும் படியையே பாட்டுகளின் படியாக்குவது ஒரு வழி: முதலில் உயிரெழுத்து மட்டும், பிறகு பிறர் பாட்டிலிருந்து திருடிய ஒரு வரி, பிறகுதான் சொந்த வரி. முதல் காட்சியிலேயே முழுப் பல்லவி பாடும் பூதம் சிரிப்பை வரவழைக்கும்.

சிரிப்பு என்றதும் இன்னொன்று. பூதமும் பாட்டும் சேர்ந்தாலே பார்வையாளர்கள் சிரிக்கத் தயாராக வந்திருப்பார்கள். முதல் பத்து நிமிடத்துக்குள் நீங்களே திட்டமிட்டு அவர்களை ஒருமுறை சிரிக்கவையுங்கள். அனுமதி கொடுத்துச் சிரித்தவர்கள், அனுமதி இல்லாத இடத்தில் அடங்கியிருப்பார்கள். முழுக்க முழுக்க இறுக்கமாகத் தொடங்கும் நாடகத்தில்தான், பூதம் நுழையும் உச்ச நொடியில் பின்வரிசையிலிருந்து ஒரு ‘களுக்’ கேட்கும்.

ஆபத்து நடக்கும்போது யாரும் பாடக் கூடாது. ஓடுபவன் பாடினால் ஆபத்து பொய்யாகிவிடும். ஆபத்துக்கு முன்னால் தெரியாத்தனமாகப் பாடலாம், பின்னால் தெரிந்துகொண்டு பாடலாம். நடுவில் வாத்தியமும் தாளமும் மட்டும். ஊரே திரண்டு பூதத்தைத் தேடும் கூட்டுப்பாட்டு விதிவிலக்கு. அங்கே ஆபத்து பூதமல்ல, கூட்டம்தான்.

எவ்வளவு பெரிது என்பதை அரங்கம் முடிவு செய்யும்

பூதத்தின் உயரத்தை ஓவியர் வரைந்து காட்டுமுன் அரங்கத்தின் கடைசி வரிசையில் போய் உட்காருங்கள். தரைத்தள இருக்கைகளின் பின்பகுதிக்கு மேலே பால்கனி நீட்டிக்கொண்டிருக்கும். அதன் விளிம்பு பார்வையின் மேல்பாதியை வெட்டிவிடும். கணக்கு எளிது. உங்கள் கண்ணிலிருந்து பால்கனி விளிம்பு 6 மீட்டர் முன்னால், 1.2 மீட்டர் மேலே இருக்கிறது. மேடை முகப்பு 22 மீட்டர் தொலைவில் என்று வைத்துக்கொள்ளுங்கள். 22 × 1.2 ÷ 6 = 4.4. உங்கள் கண்மட்டத்துக்கு மேலே 4.4 மீட்டர்வரைதான் தெரியும். கண்மட்டமும் மேடைத் தரையும் ஒரே உயரம் என்றால், 6 மீட்டர்ப் பூதத்தின் முகம் அந்த வரிசைகளுக்கு இல்லை. இரண்டு மணி நேரமும் மார்பைத்தான் பார்ப்பார்கள். பூதம் குனிய வேண்டும், உட்கார வேண்டும், முகத்தைத் தரைக்குக் கொண்டுவர வேண்டும். முக்கியமான உணர்ச்சி எல்லாம் 3.5 மீட்டருக்குக் கீழே நடக்கும்படி அமைப்பதே நல்லது. நிமிர்ந்து நிற்பதை ஒன்றிரண்டு தடவைக்கு மிச்சம் வையுங்கள்.

அதோடு: ஆடாத நேரத்தில் பூதம் எங்கே இருக்கும்? பக்கத்திரைக்குப் பின்னால் 4 மீட்டர் இடம்தான் என்றால் 5 மீட்டர் அகலப் பூதம் மேலேதான் தொங்க வேண்டும். அப்போது மேலே தொங்கும் விளக்குக் கம்பிகளில் இரண்டு மூன்று பறிபோகும். விளக்கு வடிவமைப்பாளரிடம் இதை முதல் மாதமே சொல்லிவிடுங்கள். கடைசி வாரம் சொன்னால் சண்டைதான்.

பெரிய பொம்மைக்குப் பணமில்லை என்றால் அது குறையே அல்ல. ஒரு ராட்சதக் கையும் ஒரு கண்ணும் மட்டும் ஜன்னல் வழியே வந்தால் மீதியைப் பார்வையாளர்கள் கட்டிக்கொள்வார்கள்; 1933 படமே அதைத்தான் செய்தது. நிழல் இன்னும் மலிவு. லென்ஸ் இல்லாத, சிறிய ஒற்றைப் புள்ளி விளக்கைத் திரையிலிருந்து 4 மீட்டர் பின்னால் வைத்து, நடிகரை விளக்கிலிருந்து 1 மீட்டரில் நிறுத்தினால் நிழல் 4 மடங்கு: 1.7 மீட்டர் ஆள் 6.8 மீட்டர் பூதமாவார். விளக்கை நோக்கி வெறும் 10 செ.மீ. நகர்ந்தால் 7.5 மீட்டரைத் தாண்டும். திரை அந்த உயரம் இல்லாவிட்டால் தலை வெட்டுப்படும். படட்டும், அதுவே பயம். ஆனால் தரையில் 10 செ.மீ. இடைவெளியில் டேப் ஒட்டி அடையாளம் வையுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வோர் இரவும் ஒவ்வோர் அளவுப் பூதம் வரும். அகலமான எல்இடி பேனல்களை வாங்காதீர்கள். ஒளி வரும் பரப்பு பெரிதானால் நிழலின் ஓரம் மங்கிவிடும்.

செடிபோல வளரும் பூதத்துக்கு ஒரே பொம்மை பெரிதாவதில்லை. அளவுக்கு ஒன்றாக நான்கு பொம்மைகள் வரை செய்வார்கள். மாற்றும் இடம் பாட்டுக்கு நடுவில் அல்ல, விளக்கு அணையும் இடத்தில் இருக்க வேண்டும். ஆளை விழுங்கும் செடியின் இரண்டாவது அளவுக்கு ஓர் அழகான உபாயம் உண்டு: நடிகரின் கோட்டில் ஒரு கை பொய்க்கை. அவருடைய நிஜக்கை தொட்டிக்குள் புகுந்து செடியை ஆட்டும். ஒரே ஆள் செடியோடு பாடிக்கொண்டே செடியாகவும் இருப்பார்.

ஆட்டுபவர்களை மறைக்கலாமா, காட்டலாமா என்று பலர் குழம்புவார்கள். காட்டுங்கள். ஜப்பானின் மரபுப் பொம்மலாட்டமான புன்ராக்குவில் ஒரு பொம்மைக்கு மூவர், எல்லார் கண்ணிலும் படும்படியே நிற்கிறார்கள்: தலையும் வலக்கையும் ஒருவர், இடக்கை ஒருவர், கால் ஒருவர். மூவரும் பொம்மையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் நாமும் அதையே பார்ப்போம். மேடையில் காங்கைப் பத்துப் பேர் கண்முன்னால் இயக்கினார்கள். முகத்தசைகளை வேறு சிலர் தூரத்திலிருந்து ரிமோட்டில். மறைக்க முயன்று பாதி தெரிவதுதான் கேவலமாக இருக்கும்.

முகமூடியும் தொண்டையும்

1931 ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ ஒப்பனைக்கு ஒவ்வொரு நாளும் நான்கு மணி நேரம் பிடித்தது. வாரம் எட்டுக் காட்சி நடக்கும் மேடையில் 45 நிமிடத்துக்கு மேல் கொடுக்க முடியாது. சனி ஞாயிறு இரண்டு காட்சிக்கு நடுவில் கழற்றி மாட்டவும் நேரமில்லை. அதனால் முழு முகத்தையும் ஒட்டாதீர்கள். நெற்றியும் புருவ மேடும் பெரிய வடிவத்தைக் கொடுத்துவிடும்; 10 மீட்டருக்கு அப்பால் தோல் நுணுக்கம் யாருக்கும் தெரியாது. வாய், கன்னம், கீழ்த்தாடை, காது நான்கையும் விட்டுவிடுங்கள். காதை மூடினால் நடிகருக்குத் தன் சுருதி உள்ளுக்குள் அதிர்ந்து பெரிதாகக் கேட்கும். வெளியே சுருதி இறங்கும். கன்னத்தை ஒட்டினால் நெடில் குறுகும். 1986-இல் லண்டனில் வந்த ‘தி ஃபாண்டம் ஆஃப் தி ஆபரா’வில் பாதி முகத்துக்கு மட்டும் முகமூடி வந்தது அழகுக்காக மட்டும் அல்ல, முழு முகமூடிக்குள்ளிருந்து பாடவும் முகபாவம் காட்டவும் முடியாது என்பதுதான் காரணம்.

தலையில் வைப்பது ஒன்றரைக் கிலோவைத் தாண்டினால் கழுத்து முன்னால் வளையும், மேல்ஸ்தாயி போய்விடும். நுரை உடைக்குள் இருப்பவர் பத்துப் பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை வெளியே வரும்படி காட்சிகளை அடுக்குங்கள். குளிரூட்டும் மேலாடை, தண்ணீர், தனியாக ஒரு உதவியாளர் மூன்றும் செலவுப் பட்டியலில் இருக்கட்டும். உடை இரண்டு பிரதி வேண்டும். ஒன்று காய்ந்துகொண்டிருக்கும்.

உறுமலைப் பாடுபவரிடம் கேட்காதீர்கள். வாரம் எட்டுத் தடவை தொண்டையை உரசினால் இரண்டாவது மாதம் குரல் போய்விடும். பாடும் குரல் ஒருவர், உறுமல் பதிவிலிருந்தோ அல்லது பாட்டே இல்லாத இன்னொருவரிடமிருந்தோ வரட்டும். ஒரு ஸ்தாயி கீழே இறக்கும் கருவியைப் போட்டால் மனிதக் குரலே மிருகமாகும். ஆனால் அது 20, 30 மில்லி நொடி தாமதம் சேர்க்கும். உறுமலுக்குப் பரவாயில்லை, தாளத்தோடு பாடும் வரிக்குப் போட்டால் பாடகர் இழுப்பதுபோலக் கேட்கும்.

முகமூடிக்குள் மைக் வைத்தால் டப்பாவுக்குள் பேசுவதுபோல 200 முதல் 500 ஹெர்ட்ஸ்வரை வீங்கும். மைக்கை முகமூடியின் வெளி விளிம்பில், நெற்றிக்கோட்டில் வையுங்கள். இரண்டு மைக், இரண்டு டிரான்ஸ்மிட்டர். வியர்வையில் ஒன்று போகும். சவுண்ட் மேசையில் மற்றதுக்கு மாற ஒரே பொத்தான். பூதத்தின் காலடிச் சத்தத்துக்கு, கீழ்ஸ்தாயி ஒலிபெருக்கியான சப்-வூஃபரைத் தரையோடு சேர்த்து வைத்தால் இருக்கை அதிரும், நல்லதுதான். அதே அதிர்வு பாடுபவரின் மைக்கிலும் ஏறும் என்பதால் பாடகர்களின் மைக்குகளில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள்.

புகை, மின்னல், உயரம்

தரையோடு ஊரும் மூடுபனிக்கு டிரை ஐஸ் போட்டால் வருவது கார்பன் டை ஆக்சைடு. அது காற்றைவிடக் கனமானது. மேடையின் முன்விளிம்பில் வழிந்து நேராக, வாத்தியக்காரர்கள் உட்காரும் இசைக்குழியில் இறங்கும். அங்கே குழலூதுபவர் ஆழமாக மூச்சிழுத்துக்கொண்டிருப்பார். குழிக்குள் கார்பன் டை ஆக்சைடு மானி ஒன்றும், குழியிலிருந்து காற்றை வெளியே இழுக்கும் விசிறி ஒன்றும் வையுங்கள். பல நாடுகளில் 8 மணி நேர வேலைக்கான வரம்பு 10 லட்சத்தில் 5,000 பங்கு. கிளைக்கால் (glycol) திரவத்திலிருந்து வரும் புகை குழிக்குப் பரவாயில்லை, ஆனால் பாடகர்களின் தொண்டையைக் காயவைக்கும். பெரிய பாட்டுக்கு முன்பு அல்ல, பின்பு விடுங்கள்.

ஆய்வகக் காட்சி என்றால் மின்னல் வேண்டும். வேகமாகச் சிமிட்டும் ஒளி வலிப்பைத் தூண்டலாம். பிரிட்டனின் பணியிடப் பாதுகாப்பு வழிகாட்டல் நொடிக்கு 4 சிமிட்டலுக்கு மேல் வேண்டாம் என்கிறது. இரண்டு ஸ்ட்ரோப் (சிமிட்டும்) விளக்குகள் ஒத்திசையாமல் ஓடினால் எண்ணிக்கை கூடிவிடும் என்பதைப் பலர் மறக்கிறார்கள். எச்சரிக்கையை வாசலிலும், டிக்கெட் விற்கும் இடத்திலும் போடுங்கள்.

கதாநாயகியைப் பூதம் தூக்கும் காட்சி இல்லாமல் தீராது. பூதத்தின் கை அவரைத் தாங்குவதில்லை. தாங்குவது மேலிருந்து வரும் தனிக் கம்பி. பூதத்தின் எடைக்கு ஒரு கம்பி, ஆளின் எடைக்கு வேறு கம்பி. இரண்டையும் ஒரே கொக்கியில் மாட்டாதீர்கள். ஆளைத் தூக்கும் பாகங்கள் சுமையைப்போலப் பத்து மடங்கு தாங்க வேண்டும் என்பது தொழில் வழக்கம். இதை நாடகக்காரர்கள் செய்யக் கூடாது, பறக்கவைக்கும் தொழில் தெரிந்தவர்கள்தான். தூங்குவதுபோல் கிடந்து பாடும்படி இயக்குநர் கேட்பார். இடுப்பில் பட்டை இறுகியிருக்கும்போது வயிற்று மூச்சு வராது. அந்த வரிகளைச் சிறியதாக எழுதித் தரச் சொல்லுங்கள்.

ஒத்திகை அட்டவணை

பொம்மையின் கரடு வடிவம், பிளாஸ்டிக் குழாயிலும் அட்டையிலும் செய்தது, முழு அளவில், ஒத்திகையின் முதல் வாரமே வேண்டும். நடிகர்கள் எங்கே பார்ப்பது, எவ்வளவு தள்ளி நிற்பது என்பதை அதனோடுதான் கற்கிறார்கள். நிஜப் பொம்மை அரங்கத்துக்கு வந்த நாளில்தான் கண் உயரம் தெரிந்தது என்றால், ஆறு பேர் ஆறு திசையில் அண்ணாந்து பார்ப்பார்கள்.

அரங்கத்தில் தொழில்நுட்ப ஒத்திகைக்கு ஒரு சாதாரண இசை நாடகத்துக்கு ஒதுக்குவதைப்போல இருமடங்கு நாள் ஒதுக்குங்கள். முதல் நாள் பாட்டு வேண்டாம். பூதம் வருவது, திரும்புவது, போவது மட்டும். பூதம் நடுவில் நின்றுபோனால் என்ன செய்வது என்பதற்கு மூன்று படி எழுதி ஸ்டேஜ் மேனேஜர் கையில் இருக்கட்டும்: கையால் தள்ளி முடிக்கலாமா, விளக்கை இறக்கி நிழலாக மாற்றித் தொடரலாமா, அல்லது திரை. மூன்றையும் ஒத்திகை பார்க்க வேண்டும், குறிப்பாக இரண்டாவதை. இசைக்குழுத் தலைவரிடம் எங்கே வேண்டுமானாலும் திரும்பத் திரும்ப வாசிக்க எட்டுத் தாளச்சுற்று நீள இசைத்துண்டு ஒன்று தயாராக இருந்தால், பத்தில் எட்டுக் கோளாறு பார்வையாளர்களுக்குத் தெரியாமலே போகும்.

முடிவும் கைதட்டலும்

‘லிட்டில் ஷாப்’ மேடையில் செடி எல்லாரையும் விழுங்கிவிடும். மக்கள் மகிழ்ச்சியாக வீட்டுக்குப் போனார்கள். 1986-இல் அந்த இசை நாடகமே மறுபடி படமானபோது அதே முடிவை முன்னோட்டப் பார்வையாளர்கள் வெறுத்தார்கள். கடைசியில் புது முடிவைப் படம்பிடித்துச் சேர்க்க வேண்டியதாயிற்று. மேடையில் செத்தவர்கள் ஐந்து நிமிடத்தில் சிரித்துக்கொண்டு வந்து வணங்குகிறார்கள். திரையில் யாரும் திரும்பி வருவதில்லை. பழைய படத்தின் சோக முடிவை மேடையில் மாற்றத் தேவையில்லை, ஆனால் வணங்கும் நிமிடத்தைத் திட்டமிட வேண்டும்.

செத்த பூதமும் வர வேண்டும். பொம்மை கடைசி ஆளாக ஒருமுறை தலை தாழ்த்தட்டும். பிறகு ஆட்டுபவர்கள் முகத்துணியை விலக்கி முன்னால் வருவார்கள், அவர்களுக்குப் பின் மறைவிலிருந்து குரல் கொடுத்தவர். பொம்மையைக் கீழே போட்டுவிட்டு வரக் கூடாது. ஒருவராவது அதன் தலையைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். குழந்தைகள் முன்வரிசையிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள்.